நான் கேட்காத பாட்டுகள்

1

நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலை நோர்வேயின் மேற்குக் கரையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறையின் மேல் இருக்கிறது. மன்னார்த் தீவின் மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்தவனுக்கு எங்கே போனாலும் மீன்தான் விதி என்று ஊரில் சிலர் பகிடி பண்ணுவார்கள். அது சரியில்லை. எங்கள் அப்பா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். வீட்டில் ஒருவரும் கடலுக்குப் போனதில்லை. ஒரு மீனை வழுக்காமல் பிடிக்க நான் பழகியது இங்கே வந்த பிறகுதான்.

வெட்டும் இயந்திரங்களின் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் காதுக்காப்புத் தந்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியோடு இணைத்துவிட்டால் அதற்குள் பாட்டும் கேட்கும். ஏழரை மணித்தியாலம் யாரோடும் பேசமுடியாத வேலைக்கு அதுதான் துணை. நான் மாதாகோவில் பாட்டுகள் கேட்பேன், எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள் கேட்பேன், சிலவேளை ஒன்றையே நாள் முழுக்கச் சுழலவிடுவேன்.

மார்கழி பிறந்ததும் பாட்டுச் செயலி எல்லோருக்கும் ஒரு வருடக் கணக்கு அனுப்பும். எந்தப் பாட்டை எத்தனை தரம் கேட்டாய், எந்த நாளில் அதிகம் கேட்டாய், நீ எப்படிப்பட்ட ஆள் என்று பல நிறங்களில் காட்டும். ஊரிலும் இளம் பிள்ளைகளுக்கு இது பழக்கம் என்று அறிகிறேன். இங்கே அதை ஊரறியக் காட்டுவது ஒரு சிறு திருவிழா. எங்கள் சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவரும் தன்னுடையதைத் திறந்து மேசையில் வைப்பார்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த வித்தாஸ் முரட்டு ஆள்; அவனுடைய கணக்கில் முழுக்க அழுகைக் காதல் பாட்டுகள். மேற்பார்வையாளர் இங்கெர் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடையதில் காதைக் கிழிக்கும் மேளச்சத்தம். சிரித்து முடிந்ததும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் திறந்தேன்.

முதலாவது இடத்தில், பல் தீட்டுவதைப் பற்றிய ஒரு நோர்வே குழந்தைப் பாட்டு. இரண்டாவது, கிழமையின் ஏழு நாட்களையும் வரிசையாகச் சொல்லும் பாட்டு. மூன்றாவது, மழைச் சப்பாத்தைத் தொலைத்த ஒரு பிள்ளையைப் பற்றியது. நான்காவது, ‘புதிதாக வந்தவர்களுக்கு நோர்வே மொழி’ என்ற பாடத்தொடர். ஐந்தாவது இடத்தில்தான் என்னுடைய மாதா பாட்டு ஒன்று பாவமாக நின்றது.

“வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா?” என்று இங்கெர் கேட்டார்.

“மகளுக்குப் பதினெட்டு வயது.”

“அப்படியென்றால் பேரப்பிள்ளையா?”

இதுவெல்லாம் நான் கேட்டவை அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். நோர்வே மொழியில் கேட்பதற்கும் தலைமயிருக்கும் இடையில் ஒரேயொரு உயிரொலிதான் வித்தியாசம். முப்பது வருடமாகியும் அந்த ஒலி அவசரத்தில் எனக்குப் பிடிபடாது. “எனக்கு மயிர் இல்லை, எனக்கு மயிர் இல்லை” என்று இரண்டு தரம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். என் வழுக்கைத் தலையைப் பார்த்து வித்தாஸ் மேசையில் அடித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கணக்கின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நான் அந்த வருடத்தில் மிக அதிகமாகப் பாட்டுக் கேட்ட நாள் என்று அது வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் காட்டியது. அன்றைக்கு எனக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. நான் நினைவில்லாமல் கிடந்த நாள் அது.

2

வீட்டுக்கு வந்ததும் செலினிடம் கேட்டேன். செலின் என் ஒரே மகள். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அன்றைக்கு அவளுக்குப் பின்னேர முறை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் வீட்டுப் பேச்சு எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டும். நான் தமிழில் கேட்பேன். செலின் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள்தான். பத்து வயதில் ஒரு நாள் காரிலிருந்து இறங்கமாட்டேன் என்று இருந்துவிட்டாள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மனைவி சொன்னாள். நானும் பேசாமல் காரைத் திருப்பினேன். பிறகு தமிழ் அவளுக்குக் காதில் மட்டும் தங்கியது. நான் சொல்வதில் முக்கால்வாசி விளங்கும். வாயில் வருவது சாப்பாட்டுச் சொற்களும், “ஓம்”, “வாறன்”, “தெரியாது” போன்றவையும்தான்.

செலின் என் கணக்கைப் பார்த்துச் சிரித்தாள். தன்னுடையதை அவள் காலையிலேயே சிநேகிதிகளோடு பகிர்ந்துவிட்டிருந்தாள். “அப்பா, நான் ஏன் உங்கள் கணக்கில் பல் தீட்டப் போகிறேன்?” என்றாள்.

“யாரும் களவாக எடுத்திருப்பார்களோ?”

“குழந்தைப் பாட்டுக் கேட்கவா?”

அவள் செயலியின் உள்ளே எங்கேயோ போய், என் பெயரில் எந்தெந்தக் கருவிகள் திறந்திருக்கின்றன என்று தேடினாள். இரண்டு இருந்தன. ஒன்று என் கையில் இருப்பது. மற்றது என் பழைய கைத்தொலைபேசி. கண்ணாடியின் ஒரு மூலையில் வெடிப்பு விழுந்த அந்தத் தொலைபேசியை நான் எங்கே விட்டுவந்தேன் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

“மாமி,” என்றாள் செலின். ஊரில் இருக்கும் என் அக்காவைத்தான் சொன்னாள். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

எனக்கு வேறொன்றும் அப்போதுதான் விளங்கியது. அந்த வருடம் முழுக்க வேலையில் என் பாட்டு இடைக்கிடை நடுவில் நின்றுபோகும். தொழிற்சாலையின் இரும்புச் சுவர்தான் காரணம் என்று நினைத்து மறுபடியும் அழுத்துவேன். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாமாம். அங்கே அக்கா அழுத்த எனக்கு நின்றிருக்கிறது. இங்கே நான் அழுத்த அக்காவுக்கு நின்றிருக்கிறது. ஒரு வருடமாக ஒருவர் பாட்டை ஒருவர் நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறோம்.

3

பிலோமினா அக்கா என்னிலும் ஐந்து வயது மூத்தவ. கல்யாணம் செய்யவில்லை. மாதாகோவில் பாலர் பாடசாலையில் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவ. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மாவும் அப்பாவும் அக்காவும் வள்ளத்தில் ராமேஸ்வரம் போனார்கள். என்னை மட்டும் கொழும்பில் சித்தப்பாவிடம் அனுப்பினார்கள்; அங்கிருந்து நான் இங்கே வந்தேன். போகும்போது அக்காவுக்கு இருபத்திரெண்டு வயது; பதினாறு வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தா. அப்பா அங்கேயே செத்துப்போனார். அம்மாவோடு அக்கா பேசாலைக்குத் திரும்பி வந்து, அம்மாவையும் அடக்கம் செய்து, பிறகு தனியாக இருக்கிறா.

சில வருடங்களுக்கு முன் அக்காவை இங்கே கூப்பிட விசாவுக்கு விண்ணப்பித்தேன். பிறந்ததிலிருந்து எங்கெங்கே வசித்தீர்கள் என்று படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. அது இரண்டு விரல் அகலம். அதற்குள் பதினாறு வருட முகாமை நான்தான் எழுதினேன். ‘இந்தியா, அகதி முகாம்’ என்று எழுதினதும் பெட்டி நிறைந்துவிட்டது. அக்காவின் பெயர் பிறப்பு அத்தாட்சியில் ஒரு விதம், இந்திய அடையாளப் பத்திரத்தில் ஒரு விதம், புதிய கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினோம். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே திரும்பிப் போவார் என்பதற்கு உறுதி போதாது என்று மறுத்துக் கடிதம் வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப நீங்கள் வாங்கோவன்,” என்றா.

அப்படித்தான் ஒன்றரை வருடத்துக்கு முன், மடு மாதா பெருநாள் காலத்தில், செலினையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமைக்குப் போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. செலினுக்கு அப்போது பதினேழு. நடக்கப் பழகிய வயதில் ஒருமுறை வந்ததை அவளுக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா நண்டுக் கறி வைத்திருந்தா. ஓட்டை உடைத்து, சதையைத் தன் கையாலேயே எடுத்து, செலினின் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டே இருந்தா. செலின் முதலில் தலையாட்டினாள். பிறகு கையைக் குறுக்கே வைத்தாள். அக்கா சிரித்துக்கொண்டு அந்தக் கையை நகர்த்திவிட்டு இன்னும் வைத்தா. செலின் என் பக்கம் திரும்பி நோர்வே மொழியில் பேசினாள். குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது.

“எனக்கு நண்டு பிடிக்காது என்று இவரிடம் சொல்லுங்கள். நான் ஏன் இவரில் அன்பு இருப்பது மாதிரி நடிக்கவேண்டும்? எனக்கு இவரைத் தெரியாது. எனக்கு இவரைத் தெரியாது.”

கடைசி வசனத்தை இரண்டு தரம் சொன்னாள்.

அக்கா என்னைப் பார்த்தா. “என்ன தம்பி, பிள்ளை என்ன சொல்லுறாள்?”

நான் சொன்னேன்: “நண்டு நல்ல ருசியாம் அக்கா. இப்பிடி ஒரு கறி தான் சாப்பிட்டதே இல்லையாம்.”

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். அந்த மலர்ச்சிக்குப் பிறகு பொய்யைத் திருப்பி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் விளைவைச் செலின்தான் அனுபவித்தாள். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நண்டு. விடிய எழும்பிக் கரைக்குப் போய், நல்ல நண்டாகப் பார்த்து அக்காவே வாங்கி வருவா. செலின் பேசாமல் இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பிப் போவாள். வரவர அறையை விட்டு வெளியே வருவதே குறைந்தது. பயணம் அனுப்பும்போது அக்கா கட்டித் தந்த பொதியில் நண்டுக் கறிக்கென்று தனியாக அரைத்த தூள் இரண்டு கிலோ இருந்தது.

புறப்படும் அன்று என் பழைய தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். பாட்டுச் செயலியை எப்படித் திறப்பது என்று காட்டினேன். “தனிய இருக்கிறீங்கள், பாட்டாவது கேளுங்கோ,” என்றேன்.

4

கணக்கு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அக்காவுக்குக் காணொளி அழைப்பு எடுத்தேன். அங்கே பின்னேரம். படத்தில் அக்கா கதிரையில் இருந்தா, பின்னால் தையல் மெசின்.

“அக்கா, நோர்வே பாட்டுக் கேக்கிறீங்களோ?”

அக்கா தொலைபேசியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தா. பிறகு, “நீ எப்பிடி அறிஞ்சனீ?” என்று கேட்டா.

“அந்தச் செயலி எல்லாத்தையும் எண்ணி வைக்குது. வருச முடிவிலை எனக்குக் காட்டுது.”

“எல்லாத்தையுமோ?”

“ஓம். எந்தப் பாட்டு, எத்தினை தரம், எந்த நாள் எண்டெல்லாம்.”

“பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாருக்குக்கூட நான் இவ்வளவு விபரம் சொன்னதில்லை,” என்றா அக்கா. சிரித்தா. வெட்கம் வந்தால் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பா. இப்போதும் துடைத்தா.

“ஏன் அக்கா?”

“பிள்ளை வந்து மூண்டு கிழமை என்ரை வீட்டிலை இருந்தவள். அவளோடை நான் ஒரு கதை கதைக்கேல்லை. எனக்கு அது பெரிய மனவருத்தம். அவளுக்குத் தமிழ் வராட்டி எனக்கு நொஸ்க் பாஷை வரட்டுமே எண்டு நினைச்சனான். முகாமிலையும் இஞ்சையுமாய் முப்பது வருசம் பிள்ளையளுக்குப் பாட்டாலைதானே பாஷை சொல்லிக் குடுத்தனான். அதே வழியிலை நானும் படிக்கலாம் எண்டு தொடங்கினனான். பாடத்திலை இங்கிலீசிலை விளக்கம் சொல்லுறாங்கள், அது எனக்குப் பிடிபடும். ஆனால் பாதியிலை பாதியிலை நிண்டுபோகுது. இஞ்சை கடலுக்கு அங்காலை இருந்து இந்தியாச் சிக்னல் வந்து குறுக்கிடுறதாலை எண்டு நினைச்சனான்.”

“அது இந்தியா இல்லை அக்கா. நான்தான்.”

விளங்கப்படுத்தினேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தா. வைகாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

“அண்டைக்கு உனக்கு ஒப்பிறேசன். செபமாலை சொன்னன். முடிஞ்சுது. இன்னும் ஒரு தகவலும் வரேல்லை. சும்மா இருக்க ஏலாமல் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தனான். நீ எழும்பி ஆஸ்பத்திரியிலை இருந்து பேசினாப் பிறகுதான் நிப்பாட்டினனான்.”

 பதிலுக்கு ஏதோ சொல்லப் போனேன். அக்கா முந்திக்கொண்டா.

“அண்டையப் பாடத்திலைதான் அது வந்தது, தம்பி.”

“எது அக்கா?”

“ரெண்டு பேர் கதைக்கிற பாடம். ஒராள் ஒரு பொம்பிளையைக் காட்டி ஆர் எண்டு கேக்கிறான். மற்றவள், எனக்கு அவவைத் தெரியாது எண்டு சொல்லுறாள். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமாய்க் கிடந்தது. எங்கையோ கேட்டிருக்கிறன். திருப்பிப் போட்டுப் பாத்தன். திருப்பித் திருப்பிப் போட்டன். நண்டு சாப்பிடேக்கை செலின் ரெண்டு தரம் சொன்னவள்.”

 சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் போய் இறுக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“மற்றதுகள் எனக்கு நினைவில்லை. அது மட்டும் காதுக்குள்ளை கிடந்தது. அவள் சரியாத்தான் சொல்லியிருக்கிறாள். தெரியாத ஆளிலை எப்பிடி விருப்பம் வரும்? எனக்கு அவளிலை கோவமில்லை.” அக்கா தலைப்பை விட்டுவிட்டு நேரே பார்த்தா. “உன்னிலைதான் கோவம். நீ ஏன் எனக்குப் பொய் சொன்னனீ?”

“நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு...”

“நான் காணாத கவலையே?” என்றா அக்கா. “வைகாசியிலை இருந்து எனக்கு இது தெரியும். நீயாய்ச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

5

செலினுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாமல் இருந்து பழகிய ஆள்தான் நான். ஆனால் இந்த முறை அக்காவே, “பிள்ளைக்குச் சொல்லு. நான் கேட்டனான் எண்டும் சொல்லு,” என்று முடித்திருந்தா.

செலின் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நானும் நோர்வே மொழியில்தான் சொன்னேன். இந்த விஷயத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று நினைத்தேன். அக்கா கேட்ட பாடத்தைச் சொன்னேன். நான் அன்றைக்கு என்ன மொழிபெயர்த்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் மடித்த சட்டையைத் திரும்ப விரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

“நண்டு பிடிக்கும் என்றா சொன்னீர்கள்?”

“ஓம்.”

“அப்பா, நான் சொன்னதை நீங்கள் மாமிக்குச் சொல்லிவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். சொன்ன பிறகும் அவர் நண்டு வைக்கிறார், எனக்குத் தண்டனை தருகிறார் என்று நினைத்தேன். அதனால்தான் அறைக்குள் இருந்தேன். மூன்று கிழமையும் அவர் என்னோடு கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.”

இது எனக்குத் தெரியாது. ஒருத்தி அன்பாகச் செய்ததை மற்றவள் தண்டனை என்று எடுத்திருக்கிறாள். அவள் ஒதுங்கியதை அக்கா, ‘என் சமையல் பிடித்தும் என்னைப் பிடிக்கவில்லை’ என்று எடுத்திருக்கிறா. நடுவில் இருந்த ஒரே வழி நான். அந்த வழியை நான்தான் அடைத்துவைத்தேன்.

புலம்பெயர்ந்த வீடுகளில் என் போன்றவர்களுக்கு இந்த வேலை பழக்கமாகிவிடுகிறது என்று இப்போது நினைக்கிறேன். பாடசாலையில் ஆசிரியர் சொன்னதை மனைவிக்கு மெதுவாக்கிச் சொல்கிறோம். மனைவி சொன்னதை மகளுக்கு இனிப்பாக்கிச் சொல்கிறோம். ஊரில் இருப்பவர்களுக்கு இங்கே எல்லாம் நல்லம் என்கிறோம். சண்டை வரவில்லை என்று ஆறுதல்படுகிறோம். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. நான் செய்த பொம்மைகளோடுதான் இரண்டு பக்கமும் பழகிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சுக்கொள்,” என்றேன்.

“என்னிடம் ஏன்?” என்றாள் செலின். மடித்த சட்டையை அடுக்கில் வைத்துவிட்டு, “மாமி உண்மையாகவே ஒரு வருடம் படித்தாரா?” என்று கேட்டாள்.

தொலைபேசியைக் காட்டினேன். பல் தீட்டும் பாட்டு இருநூறு தரத்துக்கு மேல். அவள் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். சிநேகிதிகளின் கணக்குகளைப் புரட்டுகிற வேகம் அதில் இல்லை.

6

அடுத்த ஞாயிறு செலின் தன் தொலைபேசியில் தானே மாமியை எடுத்தாள். கூடத்தில் எடுக்கவில்லை, தன் அறையில் எடுத்தாள். கதவைச் சாத்தவில்லை. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முயற்சி செய்தேன் என்று சொன்னால் இன்னொரு பொய்யாகும்.

அக்கா நோர்வே மொழியில் வணக்கம் சொன்னா. எப்படி இருக்கிறாய் என்று கேட்டா. ஒவ்வொரு வசனமும் ஒரு பாட்டின் மெட்டில் வந்தது. சொற்களை மெட்டிலிருந்து பிரித்தெடுக்க அக்காவுக்கு இன்னும் தெரியவில்லை. செலின் சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு வேறாக மாறி, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மாமி,” என்றாள் தமிழில். “நான் சொன்னது... கூடாது. ஸொறி.”

“கூடாததில்லை பிள்ளை. தெரியாது எண்டது உண்மை. தெரியாததைத் தெரியப்பண்ணலாம். உனக்கு என்ன சாப்பாடு விருப்பம்? இப்ப உண்மையைச் சொல்லு.”

“நண்டு வேண்டாம் மாமி.”

“நண்டுக்கு இனி விடுதலை. வேறை?”

செலின் யோசித்து, “பால்சோறு,” என்றாள். அதுகூட எனக்குத் தெரியாது. எந்த வீட்டில் எப்போது சாப்பிட்டாளோ.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான் என் கையைக் கத்தியோடு நிறுத்தியது. சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டாள்: “மாமி, நீங்கள் இருபத்திரெண்டு வயசிலை... என்ன செய்தனீங்கள்? காம்பிலை?”

முப்பது வருடத்தில் நான் அக்காவிடம் இதைக் கேட்டதில்லை. விசாப் படிவத்துக்குத் தேவையான இரண்டு வரியை மட்டும் கேட்டேன்.

அக்கா மெதுவாக, இரண்டு மொழியும் கலந்து, விளங்காத இடத்தில் கையால் காட்டியிருக்கவேண்டும், சொல்லத் தொடங்கினா. எருக்கலம்பிட்டி என்ற முஸ்லிம் கிராமத்திலிருந்து ஸபீயா என்றொரு சிநேகிதி இருந்தாவாம். இரண்டு பேரும் பாலர் பாடசாலைப் பயிற்சியை மன்னாரில் ஒன்றாகச் செய்தவர்களாம். ஒரே பஸ், வகுப்பில் ஒரே வாங்கு, சாப்பாட்டுப் பெட்டியும் மாற்றி மாற்றி. அக்கா கடல் தாண்டிப் போன பிறகு, மன்னார் முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் இயக்கத்தவர்கள் ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி முகாமுக்கு வந்தது. ஸபீயா எங்கே போனா, இருக்கிறாவா என்று கேட்க ஒரு முகவரியும் இல்லை.

“முகாமிலை ஒரு ரேடியோ இருந்தது பிள்ளை. நேயர் விருப்பம் எண்டு ஒரு நிகழ்ச்சி போகும். போஸ்ட்காட்டிலை எழுதினால் பேரை வாசிச்சுப் பாட்டுப் போடுவினம். எருக்கலம்பிட்டி ஸபீயா ரீச்சருக்காக, பேசாலை பிலோமினா விரும்பிக் கேக்கிற பாட்டு எண்டு ஒவ்வொரு மாதமும் எழுதினனான். நாலு வருசம் எழுதினன்.”

“அவ கேட்டவவா?”

“தெரியாது. எனக்கு அப்ப தெரியவே தெரியாது. திரும்பி வந்து எருக்கலம்பிட்டிக்குப் போய்ப் பாத்தன். அவையளின்ரை வீட்டிலை கூரை இல்லை, உள்ளுக்கை உடைமரம் வளந்து நிண்டது. விட்டிட்டன். பிறகு கனகாலம் கழிச்சு ஒரு நாள் மன்னார் பஸ்ஸிலை வாறன். பக்கத்திலை இருந்த பொம்பிளை என்ரை கையைப் பிடிச்சா. முகத்தைப் பாத்தன், நல்லா வயசு போயிருந்தது. ‘ரெண்டு தரம் கேட்டனான், பிலோ’ எண்டா. வேறை ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் முதல் சொல். புத்தளத்திலை அகதி முகாமிலை, ஆரோ ஒராளின்ரை ரேடியோவிலை ரெண்டு தரம் என்ரை பேர் கேட்டவவாம். பேரை வாசிப்பினமே தவிர முகவரி வாசிக்க மாட்டினம். அதாலை பதில் எழுத வழியில்லை. ‘நீ உயிரோடை இருக்கிறாய் எண்டு மட்டும் எனக்குத் தெரியும்’ எண்டு சொன்னா.”

 நான் எழும்பி வந்து கதவடியில் நின்றதை அப்போதுதான் உணர்ந்தேன். கையில் பாதி உரித்த வெங்காயம். செலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்கு இது தெரியுமா என்று அவள் கண் கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அன்றைக்கு நண்டுக் கறிக்கு முன்னால் அவள் சொன்ன வசனத்தை, அந்த மேசையில் இருந்தபடி நானும் உண்மையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கும் இவவைத் தெரியாது. அதனால்தான் பொய் அவ்வளவு விரைவாக வாயில் வந்தது.

“மாமி,” என்றாள் செலின். “என்ன பாட்டு அது?”

“ஐயோ, அதை இப்ப ஏன். என்ரை குரல் போயிட்டுது.”

“பரவாயில்லை. பாடுங்கோ.”

அக்கா தொண்டையைச் செருமினா. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினா. மூன்றாம் தரம் குரல் பிடித்துக்கொண்டது. செலின் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பிறகு தொலைபேசியின் ஒலியைக் கூட்டி, நடுவில் வைத்தாள்.